45 வயதில் ட்ரயல்ஸ் பைக் பழகலாமா?

கேள்வி: 2 செப்டம்பர் 2023

எனக்கு 45 வயது. மான்செஸ்டர் பக்கம் இருக்கிறேன். ஊரில் இருபது வருடம் வண்டி ஓட்டிய பழக்கம் உண்டு. பாறை மேலும் ஓடைக்குள்ளும் கால் ஊன்றாமல் ஓட்டும் ட்ரயல்ஸ் பழகலாமா என்று கொஞ்ச நாளாக ஓர் எண்ணம். ஐந்து வயதில் தொடங்கியவர்களுக்குத்தான் அந்தச் சமநிலை வரும், நாற்பதுக்கு மேல் போனால் எலும்பை முறித்துக்கொள்வதுதான் மிச்சம் என்கிறார் நண்பர். உண்மையா?

3 செப்டம்பர் 2023

உண்மையில்லை. எனக்கு 47. இந்த மார்ச்சில் தொடங்கினேன். எலும்பு எதுவும் முறியவில்லை.

யார்க்‌ஷயரில், கீத்லி என்ற ஊரில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் மலையடிவாரத்தில் நடக்கப் போயிருந்தோம். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பண்ணை நிலம். அதில் ஓர் ஓடை. எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் வண்டியின் மேல் நின்றபடி, நடந்து போகிறவரைவிட மெதுவாக, முழங்கால் உயரப் பாறை ஒன்றின் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கினார். தண்ணீர் தெறிக்கவில்லை. எஞ்சின் உறுமவில்லை. மழையில் நனைந்துகொண்டு அங்கேயே ஒரு மணி நேரம் நின்றேன். அடுத்த வாரம் அந்த கிளப்புக்குப் போன் செய்தேன்.

தெரியாதவர்களுக்கு: ட்ரயல்ஸ் வேகப் பந்தயம் அல்ல. பாறை, மரவேர், சேறு, ஓடை என்று இயற்கையாக அமைந்த சிறு சிறு இடங்களைத் தேர்ந்தெடுத்து எல்லை குறித்திருப்பார்கள். அதற்கு செக்சன் என்று பெயர். வலப்பக்கம் சிவப்பு அடையாளம், இடப்பக்கம் நீலம். அவற்றின் நடுவே போக வேண்டும். ஒரு தடவைகூடக் கால் ஊன்றாமல் வந்தால் சுழியம்; அதை கிளீன் என்பார்கள். ஒரு தடவை ஊன்றினால் 1, இரண்டு தடவைக்கு 2, அதற்கு மேல் எத்தனை தடவை ஊன்றினாலும் 3. விழுந்தாலோ எல்லை தாண்டினாலோ 5. யாருக்குப் புள்ளி குறைவோ அவருக்கு வெற்றி. ஒரே ஊன்றல் என்றால் அதற்கு டாப் என்று பெயர். இந்தச் சொல்லை ஒரு நாளில் நூறு தடவை கேட்பீர்கள்.

வண்டிக்கு இருக்கையே கிடையாது. முழு நேரமும் நின்றுகொண்டுதான் ஓட்ட வேண்டும். எடை 70 கிலோ அளவுதான். பெட்ரோல் டாங்கில் இரண்டு மூன்று லிட்டர் பிடிக்கும். உயரத்திலிருந்தோ வேகத்திலோ விழுவது அபூர்வம். நான் இதுவரை விழுந்த எல்லா விழுதலும் வண்டி நின்றுவிட்ட கணத்தில் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தவைதான்.

சமநிலை பிறவியில் வரவேண்டும் என்பதை நான் நம்பவில்லை. எல்லாம் கிளட்ச் மேல் இருக்கும் ஒற்றை விரலில் இருக்கிறது. அந்த விரலைப் பழக்கினால் மற்றது தானாக வரும்.

4 செப்டம்பர் 2023

முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். வண்டியை வாங்கியதும் பக்கத்து மலையில் போய் ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். பிரிட்டனில் திறந்த வெளியாகக் கிடக்கும் மேட்டுநிலத்திலும் பொதுப் புல்வெளியிலும் அனுமதியின்றி மோட்டார் வண்டி ஓட்டுவது குற்றம். 1988ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் இதற்குத் தனிப் பிரிவே உண்டு. கிளப்கள் விவசாயிகளிடம் கேட்டு இடம் வாங்குகின்றன. அந்த நல்லுறவு முப்பது நாற்பது வருடமாகக் கட்டிக் காத்தது. யாரோ ஒருவர் வேலிக் கதவைத் திறந்துபோட்டு ஆடுகள் வெளியே போனால் கிளப்புக்கு அந்த நிலம் இனி இல்லை. கிளப்பில் சேருங்கள், பிறகு வண்டி வாங்குங்கள்.

என்ன வண்டி என்று கேட்டிருக்கிறீர்கள். நான் 84 கிலோ. அதனால் 300 சிசி டூ-ஸ்ட்ரோக் வாங்கினேன். எடையுள்ளவர்களுக்கு 300தான் சரி.

24 செப்டம்பர் 2023

ஒருவர் தனிச்செய்தியில் கேட்டது: "ராயல் என்ஃபீல்டு 2019இல் புல்லட் ட்ரயல்ஸ் என்று ஒரு வண்டி விட்டார்களே, சென்னையில் இருப்பவர்கள் அதில் பழகலாமா?"

அது பெயரிலும் தோற்றத்திலும்தான் ட்ரயல்ஸ். எடை 180 கிலோவுக்கு மேல். மண் பாதையில் நன்றாகப் போகும். ஆனால் முழங்கால் உயரப் பாறையில் அதை ஏற்றிச் சறுக்கினால் தூக்கி நிறுத்த மூன்று பேர் வேண்டும்.

ஆனால் அந்தப் பெயர் சும்மா வந்ததில்லை. இதைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. நான் திருவொற்றியூரில் பிறந்தவன். என்ஃபீல்டு தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களைப் பார்த்து வளர்ந்த தெரு எங்களுடையது. அப்பாவிடம் ஒரு புல்லட் இருந்தது. ஞாயிறு காலையில் அதைத் துடைக்கும் துணியைக்கூட வேறு யாரும் தொடக் கூடாது. புல்லட் என்றால் கனம், கம்பீரம், நெடுஞ்சாலை, போலீஸ்காரர் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது, அந்த வண்டியின் பிறப்பே ட்ரயல்ஸில்தான். 1948இல் இங்கிலாந்தின் ரெட்டிச்சில் இருந்த என்ஃபீல்டு தொழிற்சாலை, பின்சக்கரம் மேலும் கீழும் அசையும்படி ஸ்விங்கிங் ஆர்ம் சஸ்பென்ஷன் வைத்த புதிய புல்லட்டை முதலில் இறக்கிவிட்டது கோல்மோர் கோப்பை ட்ரயலில். பின்பக்கம் அசையாமல் இருந்தால்தான் சேற்றில் பிடிமானம் கிடைக்கும் என்பது அன்றைய ட்ரயல்ஸ்காரர்களின் உறுதியான நம்பிக்கை. அதைப் புல்லட் மாற்றியது. ஜானி பிரிட்டன் 1952இலும் 1957இலும் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் ட்ரயலைப் புல்லட்டில் வென்றார். நடுவே 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவாகி, அதே வண்டி எங்கள் ஊருக்கு வந்தது.

கிளப்பில் பழைய வண்டிகளுக்கென்று ஒரு வகுப்பு உண்டு. அதில் ஒருவர் ஐம்பதுகளின் புல்லட்டை எடை குறைத்துச் சீராக்கிக் கொண்டுவந்தார். அது ஓடைக்குள் இறங்கியபோது அந்த எஞ்சினின் ஒலி அப்பாவின் வண்டி ஒலிதான். அதே தட், தட். அதை போனில் பதிந்து அம்மாவுக்கு அனுப்பினேன். அம்மா இரண்டு முறை கேட்டுவிட்டு "யார் வண்டிப்பா?" என்றாள்.

1 அக்டோபர் 2023

எண்ணெய்க் கலவை கேட்டவருக்கு: என் வண்டிக்கு 80க்கு 1. 10 லிட்டர் பெட்ரோலுக்கு 125 மில்லி. உங்கள் வண்டியின் கையேடு என்ன சொல்கிறதோ அதைக் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள்.

20 நவம்பர் 2023

நேற்று முதல் போட்டி. எளிய பாதையில் ஓட்டினேன். ஒரே போட்டியில் கடினம், நடுத்தரம், எளிது என்று தனித்தனிப் பாதைகள் இருக்கும். பத்து செக்சன், நான்கு சுற்று, ஆக 40. எல்லாவற்றிலும் ஐந்து வாங்கினால் 200. நான் வாங்கியது 97.

எண்ணைவிட அது வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். முதல் சுற்றில் 41. கடைசிச் சுற்றில் 12. மூன்றாம் சுற்றிலிருந்து கைகள் தளர்ந்துபோய் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்க முடியவில்லை. இறுக்கிப் பிடிக்க முடியாததால்தான் நன்றாக ஓட்டினேன். முன்சக்கரம் தனக்கு வேண்டிய பள்ளத்தைத் தானே தேடிக்கொண்டு போயிற்று. நான் குறுக்கே நிற்கவில்லை.

எங்கள் கிளப்பில் செக்சனுக்குள் வண்டி நின்றுவிட்டாலே ஐந்து. நிற்பதை அனுமதிக்கும் கிளப்களும் உண்டு. தொடங்குபவர்களுக்கு நிற்கக் கூடாது என்ற விதி நல்லது என்று நினைக்கிறேன். நின்று நின்று துள்ளி வண்டியைத் திருப்பும் வித்தையைப் பற்றிக் கவலைப்படாமல் மெதுவாக ஓட்டுவதை மட்டும் கற்கலாம். 2007 முதல் ஆண்டுதோறும் உலகப் பட்டத்தை விடாமல் வைத்திருக்கும் டோனி போவின் காணொளிகளை இங்கே சிலர் அனுப்பியிருந்தீர்கள். ஆளுயரத்தை மிஞ்சும் பாறைக்குத் தாவுகிறார். பார்க்க ஆனந்தம். ஆனால் நமக்கான பாடம் அதில் இல்லை. கச்சேரி கேட்டு ஸ்வரவரிசை வராது.

ஒன்று மட்டும் மனதில் உறுத்துகிறது. ஏழாவது செக்சனில் ஒரு வழுக்குப் பாறை. நான்கு சுற்றிலும் அதே இடத்தில் ஐந்து. விரல், கிளட்ச் எல்லாம் சரியாகத்தான் இருந்தன.

21 நவம்பர் 2023

காற்றழுத்தம் பற்றி அங்கங்கே நான் எழுதியதை மறந்துவிடுங்கள். பின்டயரில் 7 பிஎஸ்ஐ என்று சொல்லியிருந்தேன். என் அளவுமானி கார் டயருக்கானது. கீழ்முனையில் அது சொல்வது எதுவும் நம்பத்தகுந்ததல்ல. கிளப் பெரியவரின் மானியில் பார்த்தபோது என் வண்டியில் 10 இருந்தது. இப்போது பின்னால் 4, முன்னால் 6. டயரைக் கையால் அழுத்தினால் குழையும். பாறையின் முனையை டயர் கவ்விப் பிடிக்கிறது. வழுக்குப் பாறையில் விழுந்ததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். தாழ் அழுத்த மானி ஒன்று வாங்குங்கள்.

15 ஜனவரி 2024

எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.

டிசம்பர் நடுவில் இடது கெண்டைக்கால் தசை பிடித்துவிட்டது. விழுந்ததால் அல்ல. கால்மிதியில் நுனிக்காலால் நின்றுகொண்டு வண்டியைத் தூக்க முயன்றபோது. ஆறு வாரம் ஓட்டக் கூடாது என்று இயன்முறை மருத்துவர் சொல்லிவிட்டார். கேள்வி கேட்டவரின் நண்பர் சொன்னதில் பாதி இங்கே உண்மையாகிறது. முறிவதில்லை, ஆனால் பிடித்துக்கொள்கிறது, பிடித்தது விட நாளாகிறது. இருபது வயதுக்காரர் மூன்று நாளில் வந்துவிடுகிறார்.

போகியன்று கிளப்பில் போட்டி. ஓட்ட முடியாததால் அப்சர்வராக நிற்க ஒத்துக்கொண்டேன். செக்சனுக்கு ஒருவர் நின்று கால் ஊன்றுவதை எண்ணி, ஓட்டியவரின் அட்டையில் துளை போட வேண்டும். ஊதியம் கிடையாது. அப்சர்வர் கிடைக்காவிட்டால் போட்டியே கிடையாது. இதுநாள்வரை ஓட்டிவிட்டு வீட்டுக்குப் போனவன் நான். எனக்காக யாரோ ஒருவர் ஒவ்வொரு முறையும் ஐந்து மணி நேரம் குளிரில் நின்றிருக்கிறார் என்பது இப்போதுதான் உறைத்தது.

எனக்குக் கொடுத்தது ஓடையிலிருந்து கரையேறும் செக்சன். முதலில் ஓடைக்குள் வலப்பக்கத் திருப்பம். பிறகு ஒன்றரை மீட்டர் நீளத்தில் பாசி படிந்த சாய்ந்த பாறை. அதன் உச்சியில் குறுக்கே ஒரு மரவேர், பட்டை உரிந்து, ஈரத்தில் எலும்பு போல் வெளுத்து. அதைத் தாண்டினால் மேட்டுப் புல். அவ்வளவுதான். 15 அடி.

58 பேர், நான்கு சுற்று. பாதியில் போனவர்களைக் கழித்தால் இருநூறு தடவைக்கு மேல் அந்தப் பதினைந்து அடியைப் பார்த்தேன். முதல் இருபது பேருக்கு எனக்குக் கால்தான் தெரிந்தது. எண்ண வேண்டுமே. பிறகு எண்ணுவது கைக்கு வந்ததும் மற்றதைப் பார்க்கத் தொடங்கினேன். யாரும் வேரில் தவறவில்லை. வேரில் விழுந்தவர்கள் எல்லோரும் திருப்பத்திலேயே தவறிவிட்டவர்கள். திருப்பத்தை அரை அடி உள்ளே வெட்டியவர்களின் வண்டி பாறைக்குக் கோணலாக வந்து சேர்ந்தது. கோணலாக வந்த வண்டி வேரைச் சாய்வாகத் தொட்டது. சாய்வாகத் தொட்ட சக்கரம் ஈர வேரில் வழுக்கியது. கால் ஊன்றியது வேரில், காரணம் பத்தடி பின்னால்.

பதின்மூன்று வயதிருக்கும் ஒரு பெண் குழந்தை, 125 வண்டியில். முதல் சுற்றில் 3. இரண்டாம் சுற்றில் ஓடைக்குள் எதிர்க்கரை மண்ணில் முன்சக்கரம் உரச அகலமாகத் திரும்பினாள். வண்டி பாறைக்கு நேராக நின்றது. கிளீன். என் முன்னால் வந்து அட்டையை நீட்டியபோது மூச்சு வாங்கவில்லை.

அவளுக்குப் பின்னால் ஒருவர், எழுபதுக்குப் பக்கம், இரட்டை ஷாக் வைத்த எழுபதுகளின் யமஹா டிஒய்யில். நான்கு சுற்றும் ஒரே கோடு. சேற்றில் அவருடைய டயர்த் தடத்தின் மேலேயே அவருடைய தடம். நான்கு கிளீன். மோவாய் எப்போதும் மேலே. முன்சக்கரத்தை அவர் ஒரு கணம்கூடப் பார்க்கவில்லை. பார்த்தது மேட்டில் இருந்த முடிவு அட்டையை.

நான் ஓட்டும்போது எங்கே பார்க்கிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். முன்சக்கரத்துக்கு ஓரடி முன்னால். எப்போதும் அங்கேதான்.

16 ஜனவரி 2024

அப்சர்வர் வேலைக்குத் தேவையானவை என்ன என்று கேட்டிருக்கிறார் ஒருவர். ரப்பர் பூட்ஸ், இரண்டு ஜோடி கையுறை, பிளாஸ்கில் தேநீர். பைக்குள் பொங்கலுக்காக மனைவி செய்த முறுக்கு இருந்தது. பக்கத்து செக்சன் பெரியவருக்குக் கொடுத்தேன். ஆறு தின்றார். அவர் என்னை "லாட்" என்று கூப்பிடுவார். யார்க்‌ஷயரில் அது தம்பி என்பதைப் போல. 48 வயதாகப்போகும் என்னைத் தம்பி என்று கூப்பிட இங்கே ஒருவர் இருக்கிறார் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

4 பிப்ரவரி 2024

செப்டம்பரில் எல்லாம் கிளட்ச் விரலில் இருக்கிறது என்று எழுதினேன். அது பாதி. விரல் வண்டியின் வேகத்தைத்தான் காக்கும். வண்டி எங்கே போகிறது என்பதைக் கண் முடிவு செய்கிறது. கண் எங்கே பார்க்க வேண்டும் என்பதை, ஓட்டுவதற்கு முன் அந்த இடத்தில் நடந்த கால்கள் முடிவு செய்கின்றன. நான் செக்சனை நடந்து பார்க்கும்போது பாறையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பயப்படும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் வேறென்ன தெரியும்? இப்போது முடிவு அட்டையிலிருந்து பின்னோக்கி நடக்கிறேன். இங்கே வெளியே வரவேண்டும் என்றால் வேரில் எப்படி வரவேண்டும், அதற்குப் பாறையில் எங்கே, அதற்குத் திருப்பத்தில் எங்கே.

நடுவயதில் தொடங்குபவருக்கு இதில் ஒரு சாதகம் உண்டு என்று இப்போது நம்புகிறேன். சிறுவர்களுக்கு உடம்பே விடை சொல்லிவிடுகிறது, அவர்கள் பார்க்க வேண்டியதில்லை. நாம் பார்க்கலாம், நின்று பார்க்கும் பொறுமை நமக்கு வந்துவிட்டது.

(இதை எழுதிவிட்டு அந்தப் பதின்மூன்று வயதுப் பெண் நினைவுக்கு வருகிறாள். அவளும் பார்த்துத்தான் கற்றாள். ஒரே சுற்றில். ஆக மேலே உள்ள பத்தியை அவ்வளவு உறுதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

17 மார்ச் 2024

300ஐ விற்றுவிட்டேன். "எடையுள்ளவர்களுக்கு 300தான் சரி" என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அதை நம்பி யாராவது வாங்கியிருந்தால் மன்னிக்கவும்.

300இல் விசை தேவைக்கு மேல் இருக்கிறது என்பது பிரச்சினை அல்ல. அது எப்போது வரும் என்று என் உடம்பு எதிர்பார்த்துக்கொண்டே இருந்தது. எதிர்பார்க்கிற உடம்பு விறைத்துக்கொள்ளும். மெதுவாகத் திறக்கும் ஆக்சிலரேட்டர் குழாய் மாற்றிப் பார்த்தேன். நல்ல வித்தியாசம். ஆனாலும் மேட்டில் ஒரு முறை ஆக்சிலரேட்டரோடு சேர்த்து ஹேண்டில்பாரைப் பிடித்துத் தொங்கிவிட்டேன். வண்டி என்னை விட்டுவிட்டு மேலே ஏறிப் போனது. மணிக்கட்டில் கட்டியிருந்த கயிறு காந்த மூடியைப் பிடுங்கி எஞ்சினை நிறுத்தியது. அந்தக் கயிற்றை ஒரு நாளும் மறக்காதீர்கள். ஐந்து நிமிடப் பயிற்சிக்கும் கட்டுங்கள்.

இப்போது 250. 125 போதும் என்று இங்கே ஒருவர் முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். நான் கேட்கவில்லை. போன வாரம் கிளப்பில் ஒருவரின் 125ஐ அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரிதான் ஐயா. செங்குத்தான சேற்று மேடு ஒன்றைத் தவிர எங்கேயும் குறை தெரியவில்லை. 250ஐ வாங்கிவிட்டதால் வைத்துக்கொள்கிறேன்.

14 மே 2024

விடுப்பு எடுத்துக்கொண்டு ஃபோர்ட் வில்லியம் போய் ஸ்காட்டிஷ் ஆறு நாள் ட்ரயலை இரண்டு நாள் பார்த்துவிட்டு வந்தேன். 1909இல் ஐந்து நாளாகத் தொடங்கி, 1911இல் ஆறு நாளானது. ஒவ்வொரு நாளும் முப்பது செக்சன். நடுவே மலையும் சதுப்பும் கடந்து போக வேண்டும். சாமி மில்லர் 1965இல் ஸ்பெயினின் இலகுவான டூ-ஸ்ட்ரோக் வண்டியான பல்டாகோவில் இதை வென்றபோதுதான் கனத்த பிரிட்டிஷ் ஃபோர்-ஸ்ட்ரோக்குகளின் காலம் முடிந்தது என்பார்கள். அதற்கு முன்பு அந்த இடத்தில் அப்பாவின் வண்டியின் தாயாதி இருந்தது என்பதை நினைத்துக்கொண்டுதான் மலையேறினேன்.

கின்லாக்லெவனில் பைப்லைன் என்று ஒரு செக்சன். அந்த ஊரின் அலுமினியத் தொழிற்சாலைக்குத் தண்ணீர் கொண்டுவந்த பெருங்குழாய்களின் ஓரமாக மலை மேல் நேரே ஏறுகிற கற்குவியல். படத்தில் பார்த்தால் சரிவு தெரியாது. நேரில் கீழே நின்று பார்த்தால் கழுத்து வலிக்கிறது. யாரும் பேசுவதில்லை. ஒருவர் கிளம்பினால் எஞ்சின் ஒலியிலிருந்தே அவர் மேலே போய்ச் சேருவாரா என்று பக்கத்தில் நிற்கும் கிழவர்கள் சொல்லிவிடுகிறார்கள். ஒலி ஏறி இறங்கினால் போச்சு. ஒரே சுருதியில் போனால் போய்ச் சேர்வார்.

முன்னணி ஓட்டுநர்கள் வந்ததும் ஓட்டவில்லை. ஹெல்மெட்டோடு நடந்தார்கள். ஒருவர் ஒரு கல்லின் மேல் ஏறி நின்று, பூட்ஸால் அது ஆடுகிறதா என்று பார்த்து, இறங்கி, மறுபடி ஏறி நின்றார். உலகத் தரத்தில் ஓட்டுகிறவர். அந்த ஒரு கல்லுக்கு அவ்வளவு நேரம்.

7 ஜூலை 2024

வீட்டிலேயே பழக என்ன செய்யலாம் என்ற கேள்வி மூன்றாவது முறையாக வந்திருக்கிறது. விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

பின்தோட்டத்தில் எஞ்சின் போடாமலே பாதி வேலை நடக்கும். முன்சக்கரத்தைச் சுவரோரம் ஒரு செங்கல்லில் முட்டவிட்டு, ஹேண்டில்பாரை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி, முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி நில்லுங்கள். மார்ச் 2023இல் எனக்கு இரண்டு வினாடி. இப்போது நாற்பது, நல்ல நாளில் ஐம்பது. முழங்கால் இளகியிருந்தால்தான் நிற்கும். மூச்சை அடக்கினால் உடனே விழும். மகள் சமையலறை சன்னலில் நின்று எண்ணுவாள். எண்ணும் வேகத்தைக் கூட்டி என்னை ஏமாற்றுவது அவளுக்கு விளையாட்டு.

நிலத்துக்குப் போனால் முதல் அரை மணி பாறை பக்கம் போகாதீர்கள். புல்லில் எட்டு வடிவம். இறுக்கமான திருப்பத்தில் வண்டி உள்பக்கம் சாய வேண்டும், உடம்பு வெளிப்பக்கம் போக வேண்டும், எடை வெளிப்பக்கக் கால்மிதியில். சாலையில் முப்பது வருடம் உடம்பைத் திருப்பத்துக்குள் சாய்த்துப் பழகியவர்களுக்கு இது எதிர்த்திசை. எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்பதும் உதவுகிறது. கடையில் ஆறு மணி நேரம் நிற்பவன் நான், இப்போது கால்களை மாற்றி மாற்றி எடை வைக்கிறேன். யாருக்கும் தெரியாது.

பெண்கள் பழகலாமா என்று ஒருவர் கேட்டிருப்பது எனக்கு வருத்தம். எங்கள் கிளப்பில் 52 வயதில் தொடங்கிய ஒரு பெண்மணி என்னைவிட நன்றாக ஓட்டுகிறார்.

8 ஜூலை 2024

எட்டு வடிவத்தில் ஒன்று சேர்க்க வேண்டும். எட்டின் நடுப்புள்ளியில் தலையைத் திருப்புவதை முன்கூட்டியே செய்யுங்கள். தலை திரும்பிய பிறகுதான் தோள், அதன் பிறகுதான் வண்டி. மறுபடியும் கண்தான்.

23 செப்டம்பர் 2024

நேற்று கிளப் போட்டி. 40 செக்சனுக்கு மொத்தம் 34 புள்ளி. வேர் செக்சன் மறுபடி வந்தது, ஏறக்குறைய அதே கோட்டில். முதல் சுற்றில் 1. மற்ற மூன்றும் கிளீன். இரண்டாம் சுற்றில் எதிர்க்கரை மண் முன்சக்கரத்தில் உரசுவது கையில் தெரிந்தது. அந்தச் சொரசொரப்பை இன்னும் உணர முடிகிறது. வேரைத் தாண்டியது தெரியவே இல்லை.

இந்த இழையைத் தொடங்கிய நண்பர் நேற்று மான்செஸ்டரிலிருந்து வந்திருந்தார். ஓர் ஆண்டு யோசித்திருக்கிறார். காலையில் வேர் செக்சனில் பெரியவருக்குப் பக்கத்தில் நின்று கால்களை எண்ணினார். மாலையில் எல்லோரும் கிளம்பிய பிறகு, கொடிகளைப் பிடுங்குவதற்கு முன், என் 250ஐ அந்த ஓடைக்குள் கொடுத்தேன். மூன்று முறை விழுந்தார். நான்காவது முறை எப்படியோ மேட்டுக்கு வந்துவிட்டார், கால் எத்தனை ஊன்றினார் என்று நாங்கள் எண்ணவில்லை. பெரியவர் அவரையும் "லாட்" என்றார்.

24 செப்டம்பர் 2024

நண்பருக்கு: அடுத்த பயிற்சி நாள் சனிக்கிழமை. ஒன்பது மணிக்கு நிலத்தின் வாயிலில் இருங்கள், உள்ளே வந்ததும் கதவைச் சாத்திவிடுங்கள். ஓட்டப் பந்தயக் காலணியோடு வராதீர்கள். எட்டாம் அளவு பூட்ஸ் ஒரு ஜோடி என்னிடம் கூடுதலாக இருக்கிறது. இப்போது நனைந்திருக்கிறது. செய்தித்தாள் திணித்து வைத்திருக்கிறேன், சனிக்கிழமைக்குள் காய்ந்துவிடும்.